பெனிசிலின் மருந்து கொடுக்கும்போது செவிலியர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அலர்ஜி ஏதாவது இருக்கா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வேன். அப்படித்தான் ஒருநாள் ஒரு அம்மாவிடம் கேட்டேன், "இல்ல சிஸ்டர்" என்றார். ஆம்பிசிலினைக் கலக்கிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில், "போன தடவை தொண்டைவலிக்கு மாத்திரை போட்டு உதடெல்லாம் வீங்கிடுச்சு" என்றார். மகள் எடுத்துக் காட்டிய பழைய சீட்டில் இருந்தது அமாக்ஸிசிலின்; ஆம்பிசிலினைப் போலவே அதுவும் பெனிசிலின் வகைதான். அந்த அம்மாவைப் பொறுத்தவரை அலர்ஜி என்றால் தூசியால் தும்முவது மட்டும்தான். ஊசியை அப்படியே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

அதிலிருந்து நான் கேட்கும் விதமே வேறு. எந்த மருந்தாவது சாப்பிட்டு உடம்பு தடித்ததா, அரித்ததா, முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா? எத்தனை நேரத்தில், எத்தனை வருடத்துக்கு முன்னால்? "பெனிசிலின் எனக்கு ஆகாது" என்பவரிடமும் இதையேதான் கேட்க வேண்டும். வெறும் வயிற்றுப்போக்கை அலர்ஜி என்று நினைத்திருப்பவர்கள் நிறைய. முறையாகப் பரிசோதித்தால், "ஆகாது" என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு அலர்ஜி இருக்காது. ஆனாலும் அதை முடிவு செய்வது நாமல்ல. கேட்டதை அப்படியே எழுதி டாக்டரிடம் சொல்வதுதான் நம் வேலை.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. ஆக்மென்டினும் பைபராசிலின்-டாசோபாக்டமும் பெனிசிலின்தான். செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாட்டிக் வகை வேறு என்றாலும், பெனிசிலினால் கடுமையான அலர்ஜி வந்தவருக்கு அதைக் கொடுக்கும் முன்பும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, நான் மிகவும் பயப்படும் விஷயம். பென்சத்தீன் பெனிசிலினைத் தசையில் ஆழமாக மட்டுமே போட வேண்டும். நரம்பில், அதாவது ரத்தக் குழாயில், ஏற்றினால் இதயம் நின்றுபோகலாம். மருந்துக் குப்பியில் பெனிசிலின் என்று பார்த்ததும் கை தானாக டிரிப் லைனுக்குப் போய்விடக் கூடாது, முழுப்பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள். மருந்து கெட்டியாக இருக்கும், மெல்லிய ஊசி அடைத்துக்கொள்ளும். நிதானமாக, நிறுத்தாமல் செலுத்துங்கள்.

நரம்பில் போடும் பெனிசிலின் ஜி பொட்டாசியத்தில் 10 லட்சம் யூனிட்டுக்குச் சுமார் 1.7 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு இது முக்கியம். பெனிசிலினை ஜென்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லியிருந்தால் முதல் டோஸுக்கு முன்பே ரத்தத்தை எடுத்துவிடுங்கள்.

ஊசி போட்டபின் அரை மணி நேரமாவது நோயாளி கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். டெஸ்ட் டோஸில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். மூச்சுத்திணறலோ ரத்த அழுத்தம் இறங்குவதோ தெரிந்தால் மருந்தை நிறுத்தி, உதவிக்கு ஆள் கூப்பிட்டு, படுக்கவைத்து அட்ரினலின் போட வேண்டும்: பெரியவர்களுக்கு 1:1000 கரைசலில் 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேவைப்பட்டால் 5 நிமிடம் கழித்து மறுபடியும். ஏவில் என்ற அலர்ஜி மருந்தும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் அப்புறம்தான். அட்ரினலின் ஆம்பியூல் எங்கே இருக்கிறது என்பதை ஷிஃப்ட் தொடங்கும்போதே பார்த்துவிடுவேன்.

இன்னொன்று, நேரம். ரத்தத்தில் மருந்தின் அளவு எவ்வளவு நேரம் போதுமானதாக நீடிக்கிறது என்பதைப் பொறுத்தே பெனிசிலின் கிருமியைக் கொல்கிறது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால், இரவு 2 மணி டோஸைக் காலை 5 மணிக்குத் தள்ளாதீர்கள். நோயாளி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாலும் மெதுவாக எழுப்பிக் கொடுத்துவிடுங்கள்.