டொராண்டோ அடுக்குமாடியில் நிஜ மரமா, செயற்கை மரமா?

வணக்கம். டொராண்டோவில் ஒன்பதாவது மாடி வீடு, சுவரோரம் ஹீட்டர், டிசம்பர் 1 முதல் ஜனவரி 6 வரை கிறிஸ்துமஸ் மரம் நிற்க வேண்டும், நிஜ மரம் வாங்குவதா, செயற்கை மரம் வாங்குவதா, சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் கட்டட நிர்வாகத்திடம் விசாரியுங்கள். தீ பயத்தால் பல அடுக்குமாடிகளில் வெட்டிய மரத்தை உள்ளேயே விடமாட்டார்கள். அப்படியென்றால் நிஜ மரம் என்ற பேச்சே இல்லை.

அனுமதி இருந்தாலும் அந்தச் சூட்டில் ஐந்து வாரம் அதிகம்தான். டிசம்பர் நடுவில் வாங்குவதென்றால் சரி. ஃப்ரேசர் ஃபிர் என்ற மர வகையைக் கேளுங்கள், ஊசியிலை சீக்கிரம் கொட்டாது. கிளையை லேசாக உருவிப் பாருங்கள். பச்சை இலை கையோடு வந்தால் அது வெட்டி நாளான மரம். அடித்தண்டில் ஓர் அங்குலம் அறுத்து உடனே தண்ணீரில் நிறுத்துங்கள், தாமதித்தால் பிசின் அடைத்துக்கொள்ளும். முதல் நாள் லிட்டர் கணக்கில் குடிக்கும். தினமும் பார்த்து ஊற்ற வேண்டும். ஹீட்டர் பக்கம் வேண்டவே வேண்டாம்.

சுற்றுச்சூழல் கவலை நியாயமானதே. பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பின் கணக்குப்படி 2 மீட்டர் செயற்கை மரத்துக்குச் சுமார் 40 கிலோ கரியமில வாயு. குப்பைமேட்டில் மக்கும் நிஜ மரத்துக்கு 16, தூளாக்கினால் 3.5. ஆக, செயற்கை மரம் வாங்கினால் பத்து வருடத்துக்கு மேல் விடாமல் பயன்படுத்த வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, யாராவது விற்கும் பழைய செயற்கை மரம். அப்புறம் வாசனைக்கு பால்சம் ஃபிர் கிளை நாலைந்து வாங்கி ஜாடித் தண்ணீரில் வையுங்கள்.