ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் பிட்காயின் முழு நோடு இயக்க முடியுமா? சிறு ஊரில் இது சரிப்பட்டு வருமா?

முடியும். பிட்காயின் பரிவர்த்தனைகள் அனைத்தையும் தானே இறக்கிச் சரிபார்க்கும் மென்பொருள்தான் முழு நோடு. காவேரிப்பட்டினத்துக்கு அருகே என் வீட்டில், 4 ஜிபி ரேம் கொண்ட ராஸ்பெர்ரி பை 4 பலகையில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டவர் பலகையின் வேகத்தை நினைத்துத் தயங்குகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் தயங்க வேண்டியது டிஸ்க்குக்கும் கரண்டுக்கும்தான்.

2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கிலிருந்து (பிளாக் என்பது பரிவர்த்தனைகளின் தொகுப்பு) இன்றுவரை உள்ள அத்தனையையும் நோடு இறக்கிச் சரிபார்க்க வேண்டும். அது 600 ஜிபியைத் தாண்டிவிட்டதால் குறைந்தது 1 டிபி எஸ்எஸ்டி தேவை. பழைய ஹார்டு டிஸ்க் போதாதா என்பீர்கள். செலவழிக்கப்படாத நாணயங்களின் பட்டியலை நோடு ஓயாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்து எழுதுவதால், சுழலும் டிஸ்க்கில் இந்த முதல்கட்ட வேலை முடியவே முடியாதோ என்று தோன்றிவிடும். நோடு மென்பொருளான பிட்காயின் கோர் இதற்கு ஒதுக்கும் ரேம் என் பதிப்பில் 450 எம்பி. அதை 2000 ஆக்கினால் வேகம் கூடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: திடீரென்று கரண்ட் போனால், கடைசியாக டிஸ்க்கில் எழுதியதற்குப் பின் செய்த வேலை முழுவதும் வீணாகி, மறுபடி அங்கிருந்தே தொடங்கும். தரவுத்தளமே கெட்டுப்போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்கச் சொல்வதும் உண்டு. எனக்கு அதுவும் நடந்தது.

வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். சாதாரண நிலையில் அது பேட்டரிக்கு மாறும் கண நேரத்துக்குள் பலகை அணைந்துவிடலாம். இன்வெர்ட்டரின் பின்புறம் உள்ள சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் அது வேகமாக மாறும். ஆனால் கோடையில் தோப்பு மோட்டார்கள் எல்லாம் ஓடி வோல்டேஜ் 180க்குக் கீழே இறங்கும்போது, கரண்ட் இருந்தும் வீடு முழுவதும் பேட்டரியில் ஓடும். ஆகவே பலகைக்கென்று தனியாக ஒரு சிறு யுபிஎஸ் வைத்தேன். செல்போன் சார்ஜரையும் தவிர்த்து விடுங்கள். பை 4 பலகைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதன் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரியும். யுஎஸ்பி வழியே மின்சாரம் எடுக்கும் எஸ்எஸ்டி அப்போதுதான் தொடர்பறுந்து போகும்.

இவ்வளவு பாடுபட்டு மாதம் எவ்வளவு வருகிறது என்று உறவினர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பைசாவும் வராது. இது புதிய பிளாக்குகளை உருவாக்கிக் காயின் ஈட்டும் மைனிங் அன்று. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டென்று எச்சரிக்கும் மாமாவிடமும், லாபமே இல்லாதபோது வரி எங்கிருந்து வரும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, காயின் வாங்கினால் பணம் இரட்டிப்பாகும் என்று வசூல் செய்துவிட்டுக் காணாமல் போனவர்களால், கிரிப்டோ என்ற சொல்லைக் கேட்டாலே என்னையும் அந்தக் கும்பலில் சேர்த்துவிடுகிறார்கள். அவர்கள் காட்டிய காயினை எந்த நோடும் சரிபார்த்ததில்லை. என் வேலையோ யாரையும் நம்பாமல் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் விதிப்படி சரிபார்ப்பது. இதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு, காயின் விலை இன்று என்ன என்கிறார்கள்.

உள்ளூர் ஃபைபர் இணைப்பில் பலருக்கும் பொதுவாக ஒரே இணைய (ஐபி) முகவரியைப் பகிர்ந்து தருவதால் வெளியிலிருந்து யாரும் உங்கள் நோடை எட்ட முடியாது, அதனால் பயனில்லை என்று சிலர் இங்கே வாதிடக்கூடும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கான 8333 போர்ட் திறக்காவிட்டாலும் நோடு தானாகவே வெளியே பத்து இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ளும். சரிபார்ப்புக்கு அது தாராளம். உங்கள் வாலட் (பிட்காயினைக் கையாளும் செயலி) சொந்த நோடிடமே கேட்டுக்கொள்ளும் என்பதால், உங்கள் பிட்காயின் முகவரிகள் எவை என்பது வேறொருவரின் சர்வருக்குத் தெரியாது. மற்ற நோடுகளுக்கும் பிளாக்குகளைக் கொடுத்து உதவ வேண்டும் என்றால் இருப்பிடத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகத் திறக்கலாம்.

1 டிபி வாங்க இயலாதவர்கள் ப்ரூன் முறையில் பழைய பிளாக்குகளை 550 எம்பி வரை குறைத்து வைக்கலாம். நாணயப் பட்டியலுக்கு மட்டும் 10 ஜிபிக்கு மேல் இடம் விட வேண்டும். அப்போதும் முழுவதையும் ஒருமுறை இறக்கித்தான் ஆக வேண்டும். மாத டேட்டா வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது மற்றொரு கிரிப்டோவான ஈத்தரியமாக இருந்திருந்தால் என் பதில் வேறு: 2022 செப்டம்பரில் மைனிங்கைக் கைவிட்ட மாற்றத்துக்குப் பின் அதற்கு இரண்டு மென்பொருள்கள் சேர்ந்து ஓட வேண்டியிருப்பதால், 4 ஜிபி பலகையில் முயலவே வேண்டாம்.