வகுப்பறையில் எதைக் கேட்கலாம், எதைச் சொல்லலாம்? – கேள்வி பதில்

முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்தேன். அவற்றில் சில ஆண்டுகள் ஒழுங்கு விசாரணைக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். கல்வி நிலையங்களில் பேச்சுரிமை பற்றி வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, கருத்துச் சுதந்திரமும் கல்விச் சுதந்திரமும் ஒன்றுதானே? – முதலாமாண்டு மாணவி

ஒன்றல்ல அம்மா. பூமி தட்டையானது என்று ஒருவர் தெருவில் நின்று பேசலாம், அது அவருடைய உரிமை. புவியியல் ஆசிரியர் அதையே வகுப்பில் பாடமாக நடத்திவிட்டுக் கல்விச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது. சான்று காட்ட வேண்டும், துறை அறிந்தவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்வதால்தான் அவருக்கு ஒரு பாதுகாப்பும் கிடைக்கிறது: அவர் சொல்வது சரியா தவறா என்பதைத் துறை அறிந்தவர்களே தீர்மானிக்க வேண்டும். பணம் கொடுப்பவருக்கோ, ஆட்சியில் இருப்பவருக்கோ, வாசலில் கூடிய கூட்டத்துக்கோ அந்த வேலை இல்லை.

1900இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர் வேலையை இழந்தார். பல்கலைக்கழகத்தை நிறுவியவரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்கு அவருடைய கருத்துகள் பிடிக்கவில்லை. ஆசியக் குடியேறிகளைப் பற்றி ராஸ் பேசியவை எனக்கும் அறவே ஏற்பில்லாதவை. ஆனால் ஒரு தனிமனிதரின் விருப்பு வெறுப்பால் ஓர் ஆசிரியரை வெளியேற்றலாம் என்றால், நாளைக்கு எவரையும் வெளியேற்றலாம். இதைப் பொறுக்காமல் பதவி விலகியவர்களில் ஆர்தர் லவ்ஜாய் என்ற இளம் ஆசிரியரும் ஒருவர். 1915இல் அவரும் ஜான் டூயியும் முன்நின்று அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்த உரிமைக்கு அந்த நாட்டில் எழுத்து வடிவம் கிடைத்தது அந்தச் சங்கத்தால்தான்.

நாங்கள் பள்ளியில் படிக்கிறோம். எங்களுக்கும் இந்த உரிமை உண்டா? 'படிக்க வந்தாயா, பேச வந்தாயா' என்கிறார்கள். – பதினோராம் வகுப்பு மாணவர்

உண்டு தம்பி. 1989இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையைப் பாருங்கள். பிரிவு 12, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. பிரிவு 13 கருத்தை வெளியிடும் உரிமையைத் தருகிறது.

இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். 1965 டிசம்பரில், அமெரிக்காவின் டெ மாய்ன் நகரில் சில மாணவர்கள் வியட்நாம் போருக்கு எதிராகக் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமில்லாத துணி. கோஷம் இல்லை, கூட்டம் இல்லை. பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே பள்ளிகளில் தேர்தல் சின்னங்களை அணிந்து வந்தவர்களை யாரும் தடுக்கவில்லை என்பதையும் நீதிமன்றம் கவனித்தது. 1969இல் ஏழு நீதிபதிகள் ஆதரவாக, இருவர் எதிராக என்ற கணக்கில் மாணவர்கள் வென்றார்கள். பாடம் நடப்பதற்குக் குறிப்பிடத்தக்க இடையூறு வரும் என்று காட்ட முடியாதவரை, வெறும் அச்சத்தை வைத்துத் தடுக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இன்னொன்று கேரளத்தில் நடந்தது. மூன்று குழந்தைகள், தங்கள் மத நம்பிக்கை காரணமாகத் தேசிய கீதத்தைப் பாடவில்லை. ஆனால் மற்றவர்களோடு எழுந்து மரியாதையாக நின்றார்கள். அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பேசும் உரிமைக்குள் மௌனமாக இருக்கும் உரிமையும் அடங்கும் என்பதை அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

பள்ளி இதழில் நாங்கள் எழுதிய கட்டுரையை நீக்கிவிட்டார்கள். – அதே மாணவரின் தோழி

பள்ளி தன் பெயரில் வெளியிடும் இதழ் என்றால் நிர்வாகத்துக்கு அதிகாரம் கூடுதல். 1988இல் ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பள்ளியின் பக்கமே நின்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கட்டுரையின் பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

பாடத்தில் இல்லாத ஒரு கேள்வியை மாணவர் கேட்டார். பதில் சொன்னேன். யாரோ புகார் கொடுக்க, விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாமா? – ஓர் ஆசிரியை

அவசரப்பட்டு மன்னிப்புக் கேட்காதீர்கள். தவறு செய்யாதவர் எழுதும் மன்னிப்புக் கடிதம் கோப்பில் ஒப்புதல் வாக்குமூலமாக உட்கார்ந்துவிடும். முதலில் புகாரின் நகலைக் கேளுங்கள். மாணவர் கேட்டது என்ன, நீங்கள் சொன்னது என்ன, அது அன்றைய பாடத்தோடு எங்கே தொடுகிறது என்பதை நினைவு பசுமையாக இருக்கும்போதே தேதியோடு எழுதி வையுங்கள். விசாரணைக்குத் தனியாகப் போகாதீர்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நான் உட்கார்ந்த ஒரு விசாரணையை இன்றும் மறக்க முடியவில்லை. ஒரு மாணவர் ஒட்டிய சுவரொட்டி மீது புகார். ஐந்து பேர் மேசையைச் சுற்றி இருந்தோம். அரை மணி நேரம் அதன் 'தொனி' பற்றிப் பேச்சு நடந்தது. கடைசியில் ஓர் உறுப்பினர், அந்தச் சுவரொட்டி எங்கே என்று கேட்டார். கோப்பில் அது இல்லை. எங்களில் ஒருவரும் அதைப் படித்திருக்கவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்த மாணவர்தான் தன் பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். நூலக நேரத்தை நீட்டிக்க வேண்டும் என்ற கோரிக்கை, கொஞ்சம் கடுமையான மொழியில். அவ்வளவுதான். இடைநீக்க உத்தரவு ஏற்கெனவே தட்டச்சாகித் தயாராக இருந்தது. அதைக் கிழித்துப் போட்டோம். அந்த ஒருவர் கேட்டிராவிட்டால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

எல்லாவற்றையும் விவாதித்தால் பிள்ளைகள் குழம்பிப்போக மாட்டார்களா? – ஒரு தந்தை

கொஞ்சம் குழம்புவார்கள். வயதுக்கு ஏற்ப எதை எப்போது சொல்வது என்று பார்ப்பது ஆசிரியரின் பொறுப்பு. ஆனால் கேட்கத் தொடங்கிய கையை இறக்க வைத்துப் பழக்கிவிட்டால், அந்தப் பிள்ளை வீட்டிலும் உங்களிடம் எதையும் கேட்காது.

என் ஆய்வுக்கு நிதி தருபவர்கள், முடிவுகளை வெளியிடுமுன் தங்கள் ஒப்புதல் வேண்டும் என்கிறார்கள். – ஆய்வு மாணவர்

கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தில் வெளியீடு பற்றிய பத்தியைத் தேடிப் பிடியுங்கள். காப்புரிமைக்காகச் சில மாதம் தள்ளிவைப்பது வழக்கத்தில் உள்ளது, ஏற்கலாம். முடிவு பிடிக்காவிட்டால் வெளியிடாமலே தடுக்கும் அதிகாரத்தை மட்டும் ஒருநாளும் கொடுக்காதீர்கள். உங்கள் நெறியாளரிடமும் இதை எழுத்தில் தெரிவியுங்கள்.

முடிவை முன்கூட்டியே அதிகாரம் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கு சோவியத் ஒன்றியமே சாட்சி. உலகெங்கும் அலைந்து பயிர் விதைகளைச் சேகரித்த மரபியலாளர் நிகொலாய் வவிலோவ். அவர் எதிர்த்து நின்ற, மரபியலை மறுத்த வேளாண் அறிவியலாளர் லைசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு இருந்தது. 1940இல் வவிலோவ் கைதானார், 1943இல் சரட்டோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். பஞ்சத்தை ஒழிக்க விதை தேடிய மனிதர் அவர். 1948இல் மரபியலே அங்கு அதிகாரபூர்வமாக ஒதுக்கப்பட்டது. அந்தத் துறை மீண்டும் தலைநிமிர 1960களின் நடுப்பகுதி வரை ஆயிற்று.

வெறுப்பைப் பேசுகிறவரை வளாகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சியைத் தடுக்கலாமா? – மாணவர் அமைப்பு ஒன்றின் செயலாளர்

எதிர்க்கலாம், தடுக்கக் கூடாது என்பது என் கருத்து. வாசலில் பதாகையோடு நில்லுங்கள், உள்ளே போய் மிகக் கடினமான கேள்வியைக் கேளுங்கள், புறக்கணியுங்கள், அதே நேரத்தில் வேறு கூட்டம் நடத்துங்கள். அரங்கைப் பூட்டினால், அடுத்த மாதம் அதே பூட்டு உங்கள் கூட்டத்துக்கு வரும். மிரட்டலும், குறிப்பிட்ட ஒரு மாணவரைக் குறிவைத்து அவமதிப்பதும் இதில் சேராது, அவற்றை நிறுத்தியே ஆக வேண்டும். ஓர் ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒரு மாணவரின் பிறப்பையோ மதத்தையோ கேலி செய்தால், அதைக் கருத்துச் சுதந்திரம் என்று நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது, எழுந்து பதில் சொல்ல அந்த மாணவரால் முடியாது.

சொந்தக் கணக்கில் சமூக ஊடகத்தில் எழுதியதற்கு நடவடிக்கை எடுக்கலாமா? – விரிவுரையாளர்

நாட்டுக்கு நாடு, பணி விதிக்கு விதி இது மாறும். முதலில் உங்கள் பணி விதிகளைப் படியுங்கள். 1940இல் மேற்சொன்ன பேராசிரியர் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்வது நல்ல அளவுகோல்: ஆசிரியர் குடிமகனாகப் பேசும்போது நிறுவனம் தணிக்கை செய்யக் கூடாது. அவரும் துல்லியமாகப் பேச வேண்டும், நிறுவனத்தின் குரலாகப் பேசவில்லை என்பதைத் தெளிவாக்க வேண்டும்.

எதிர்த்து நின்று பயன் கிடைத்ததாக ஓர் உதாரணமாவது உண்டா? – பெயர் வேண்டாம் என்றவர்

உண்டு. 1837இல் ஜெர்மன் நாடுகளில் ஒன்றான ஹனோவரின் மன்னர் அரசியலமைப்பை ரத்து செய்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஏழு பேர் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இருவரும் அதில் இருந்தார்கள். ஏழு பேருக்கும் வேலை போயிற்று. யாக்கோப் கிரிம் உள்ளிட்ட மூவர் மூன்று நாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஆனால் ஜெர்மன் நாடுகள் எங்கும் மக்கள் பணம் திரட்டி அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் கிரிம் சகோதரர்களை பிரஷ்ய மன்னரே பெர்லினுக்கு அழைத்துக்கொண்டார்.

உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுத முடிந்தால் எழுதுங்கள். பெயர் தேவையில்லை.