தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம்: வாசகர் கேள்வி – பதில்

ஆண்டு இறுதித் தேர்வு நெருங்கும்போது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சோர்ந்துபோகாமல் வைத்திருப்பது எப்படி என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டிருந்தவற்றை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கே: நான்காம் வகுப்பு எடுக்கிறேன், 32 பிள்ளைகள். தேர்வுக்கு இன்னும் பத்து வேலை நாள். தினமும் ஒரு மாதிரி வினாத்தாள் கொடுத்து எழுத வைக்கிறேன். முதல் இரண்டு நாள் ஆர்வமாக எழுதினார்கள். இப்போது தாளை எடுத்தாலே "மறுபடியுமா மிஸ்?" என்கிறார்கள். பாதிப் பேர் கடைசிப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. எப்படி உற்சாகப்படுத்துவது?

ப: உங்கள் பிள்ளைகள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. முழுத் தாள் எழுத ஒன்றரை மணி நேரம். திருத்தி வாங்க இரண்டு நாள். அதற்குள் அடுத்த தாள் வந்துவிடுகிறது. நேற்றுச் செய்த தவறு என்ன, இன்று அது சரியானதா என்று பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லை. இந்த வயதில் உற்சாகம் என்பது பெரும்பாலும் "நேத்து எனக்கு இது தெரியலை, இன்னிக்குத் தெரியுது" என்று கண்ணால் பார்ப்பதில்தான் வருகிறது. அதைப் பார்க்க வழி செய்யுங்கள். சுவரில் ஒட்டும் "உன்னால் முடியும்" அட்டைகள் ஒட்டுகிறவருக்குத்தான் தெம்பு தரும்.

பத்து நாளுக்கும் முழுத் தாள் ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. ஒன்றை ஆறாம் நாள் வையுங்கள். உண்மைத் தேர்வின் அதே நேர அளவு, அதே இருக்கை இடைவெளி, அதே விதிகள். ஏழாம் நாள் முழுவதும் அந்தத் தாளைப் பற்றிப் பேச மட்டும். கடைசி மூன்று நாளில் முழுத் தாள் கூடாது. அப்போது தெரியவரும் ஓட்டையை அடைக்க நேரம் இருக்காது, பயம் மட்டும் மிஞ்சும்.

மற்ற நாட்களில் காலையில் முதல் பத்து நிமிடம், ஐந்தே கேள்வி. இரண்டு சமீபத்தில் நடத்திய பாடத்திலிருந்து, இரண்டு ஆண்டின் நடுவிலிருந்து, ஒன்று ஆண்டுத் தொடக்கத்திலிருந்து. புத்தகம் மூடியிருக்க வேண்டும். பென்சிலில் எழுதட்டும். பிறகு நீங்கள் போர்டில் விடை எழுத, அவரவர் தாளை அவரவரே வேறு நிறப் பேனாவால் திருத்தட்டும். மார்க் கேட்காதீர்கள். "யாருக்கு ஐந்தும் சரி?" என்று ஒரு முறை கை தூக்கச் சொல்லிவிட்டால் போதும், மறுநாளே திருத்தும்போது விடையை மாற்றி எழுதத் தொடங்குவார்கள்.

மூடிய புத்தகத்தை வற்புறுத்தக் காரணம் உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியைத் திரும்பப் படித்தார்கள், மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், தாளைப் பார்த்ததும் ஒன்றும் வராமல் போவதும் இதனால்தான்.

ஐந்தில் நான்கு விடையாவது சரியாக வரும் அளவில் கேள்வியை வையுங்கள். வகுப்பில் பாதிப் பேர் மூன்றுக்குக் கீழே என்றால் கேள்வி கடினம், மறுநாள் இறக்குங்கள். எல்லாருக்கும் தினமும் ஐந்தும் சரி என்றால் அது நேரத்தைப் போக்குவது.

தவறான விடைக்குப் பக்கத்தில் பிள்ளையே ஒரு குறி போடட்டும். தெரியவில்லை என்றால் "தெ", கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை என்றால் "வா", தெரிந்தும் கை தவறியது என்றால் "கை". "38 பேர் உட்கார வேண்டும், ஒரு பெஞ்சில் 4 பேர், எத்தனை பெஞ்சு தேவை?" என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 9 என்றோ "9, மீதி 2" என்றோ பலர் எழுதுவார்கள். வகுத்தல் சரிதான். ஆனால் இரண்டு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள்; விடை 10. இது "வா". இதற்கு மறுபடி வகுத்தல் பாடம் எடுத்துப் பயனில்லை. விடையை எழுதியபின் கேள்வியின் கடைசி வரியை மறுபடி வாசிக்கும் பழக்கம்தான் வேண்டும். நான்கைந்து நாளில் தன் தாள்களைப் பரப்பிப் பார்க்கும் பிள்ளைக்கு, தான் பயந்த அளவுக்கு "தெ" இல்லை என்பது பல சமயம் தெரிய வரும்.

மதியத்துக்குக் கேள்விச் சீட்டு. ஏ4 தாளை எட்டாக வெட்டினால் 12 தாளில் 96 சீட்டு; உங்கள் வகுப்புக்குத் தலைக்கு மூன்று. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை, இரண்டையும் பிள்ளைகளே எழுத வேண்டும். விட்டால் மூன்றும் "தலைநகரம் எது" வகையாக வரும். அதனால் ஒன்றாவது "ஏன்" அல்லது "எப்படி" என்று கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சீட்டுகளை வாங்கி, வகுப்பில் விடுவதற்கு முன் பின்பக்கத்தை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். தவறான விடை ஒன்று கைமாறிக் கைமாறி வகுப்பு முழுக்கப் பரவினால் அதை அழிப்பது பெரும்பாடு. பிறகு இருவர் இருவராக, ஜோடிக்கு ஆறு சீட்டு. சொல்லத் தெரிந்தது ஒரு குவியல், தெரியாதது ஒரு குவியல். மறுநாள் தெரியாத குவியலிலிருந்து தொடக்கம். அந்தக் குவியல் மெலிவதைப் பிள்ளைகள் தாங்களே கவனித்துக்கொள்வார்கள்.

கே: 90-க்கு மேல் எடுத்தால் பரிசு என்று வகுப்பில் அறிவிக்கலாமா? ஸ்டிக்கர் சார்ட் ஒட்டலாமா?

ப: மார்க்குக்குப் பரிசு வேண்டாம். அந்த 90 யாருக்கு வரும் என்பது அறிவிக்கும் நாளிலேயே வகுப்புக்குத் தெரியும். வராது என்று தெரிந்தவர்கள் அன்றே ஒதுங்கிவிடுவார்கள். வரும் என்று தெரிந்தவர்களுக்குப் பரிசே தேவையில்லை.

லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சு இல்லாத நேரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். முன்னால் சொல்லாமல் திடீரெனச் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை.

ஆகவே கொடுக்க ஆசை இருந்தால் அறிவிக்காமல், மொத்த வகுப்புக்கும் கொடுங்கள்: ஒரு நாள் கால் மணி நேரம் கூடுதல் விளையாட்டு, கடைசிப் பீரியடில் ஒரு கதை. சார்ட் வைப்பதானால் பெயர் போட்டுச் சுவரில் ஒட்டாமல் அவரவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். அதில் மார்க் வேண்டாம். "தெரியாத குவியலிலிருந்து இன்று எத்தனை நகர்ந்தது" என்று மட்டும்.

கே: என் மகள் இரண்டாம் வகுப்பு. ஒரு வாரமாகக் காலையில் வயிற்றுவலி என்று அழுகிறாள். "எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்கிறாள். கேட்டால் பாடமெல்லாம் சரியாகச் சொல்கிறாள். நடிக்கிறாளா?

ப: நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயத்தால் வரும் வயிற்றுவலியும் வலிதான். காய்ச்சல், வாந்தி, எடை குறைதல், தூக்கத்தில் எழுப்பும் வலி, விடுமுறை நாளிலும் விடாத வலி இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவை எதுவும் இல்லாமல் பள்ளி நாளின் காலையில் மட்டும் வந்தாலும், இன்னும் சில நாள் நீடித்தால் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

"பயப்படாதே" என்று சொல்லிப் பயம் போவதில்லை. எதைப் பற்றிய பயம் என்று துருவிக் கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் தேர்வுப் பயம் பல நேரம் பாடத்தைப் பற்றியதாகவே இருக்காது. "பாத்ரூம் வந்தா கேக்கலாமா?", "பென்சில் உடைஞ்சா?", "பக்கத்துல யாரு உட்காருவா?", "முடிக்கறதுக்குள்ள பேப்பரை வாங்கிட்டா?" இப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உறுதியான பதில் கொடுங்கள். தெரியாவிட்டால் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். சீவிய பென்சில் மூன்றை அவளே பெட்டியில் வைக்கட்டும்.

"ஒண்ணுமே தெரியாது" என்னும்போது "உனக்கு எல்லாம் தெரியும்" என்று மறுத்துப் பேசாதீர்கள். ஐந்து கேள்வி கேளுங்கள், அவள் சொன்ன விடைகளை அவள் கண்முன் எழுதி டிக் போடுங்கள். தாளை அவளே எண்ணிப் பார்க்கட்டும். வீட்டுப் படிப்பு 15 நிமிடமாக இரண்டு வேளை, இந்த வயதுக்கு அதற்கு மேல் வேண்டாம்.

தூக்கத்தில் கைவைக்காதீர்கள். 6 முதல் 12 வயதுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் தந்த அளவு. காலை 6.30-க்கு எழ வேண்டுமென்றால் இரவு 9 மணிக்குள் விளக்கை அணைத்தால்தான் ஒன்பதரை மணி நேரம் கிடைக்கும். இப்போது 10-க்குத் தூங்குகிறாள் என்றால் ஒரே நாளில் ஒரு மணி நேரம் முன்னால் இழுத்தால் படுக்கையில் விழித்துக்கொண்டு கவலைப்படுவாள். இரவுக்கு 15 நிமிடமாக நான்கு இரவில் கொண்டுவாருங்கள்.

மூச்சுப் பயிற்சி உதவும்: நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும், ஐந்து முறை. அமைதியாக இருக்கும் நாளில் பழக்கியிருந்தால்தான் கைகொடுக்கும். தேர்வன்று வாசலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் அதுவே இன்னொரு பரீட்சை ஆகிவிடும்.

கே: மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். நல்ல அறிவு. எல்லாருக்கும் முன்னால் முடித்துத் தாளை நீட்டுவான், "செக் பண்ணினாயா?" என்றால் "பண்ணிட்டேன் சார்" என்பான். திருத்தினால் முழுக்கக் கவனப்பிழை.

ப: "செக் பண்ணு" என்றால் அவனுக்கு மேலிருந்து கீழே ஒரு தடவை பார்ப்பது. அதை அவன் செய்துவிட்டான், பொய் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் சொல்லவில்லை.

503 – 267 என்ற கணக்கில் 364 என்று வருவது இந்த வகுப்பில் சகஜம். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருப்பான்: 7-இல் 3 போக 4, 6-இல் 0 போக 6, 5-இல் 2 போக 3. பார்வைக்கு ஒன்றும் தப்பாகத் தெரியாது. எத்தனை முறை பார்த்தாலும் அதே கண் அதையே பார்க்கும். விடையோடு கழித்த எண்ணைக் கூட்டச் சொல்லுங்கள்: 364 + 267 = 631. 503 வரவில்லை, மாட்டிக்கொண்டது. சரியான விடை 236, 236 + 267 = 503.

இப்படிப் பார்வையைக் கையின் வேலையாக மாற்றுங்கள். கழித்தலைக் கூட்டிப் பார்ப்பது, வகுத்தலைப் பெருக்கிப் பார்ப்பது, கேள்வி எண்ணையும் விடை எண்ணையும் விரலால் தொட்டு ஒப்பிடுவது, வாக்கியத்தைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஒவ்வொரு சொல்லாக வாசித்து எழுத்துப்பிழை பிடிப்பது. வட்டம் நிரப்பும் விடைத்தாளாக இருந்தால் விரல் ஒப்பீட்டைக் கட்டாயமாக்குங்கள். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அதன் வரிசையை விட மறந்தால், அதற்குப் பின் உள்ள அத்தனையும் ஒரு படி தள்ளிப்போகும். வேறு தண்டனை வேண்டாம். "முடிச்சவங்க குறைந்தது மூணு விடையைச் சரிபார்த்து, பக்கத்துல சரிபார்த்த கணக்கைக் காட்டணும்" என்று பயிற்சித் தாளில் விதி வையுங்கள். இடம் விட்டுத் தாளைத் தயார் செய்ய மறந்துவிடாதீர்கள்.

கே: "நீ புத்திசாலி, சும்மா ஊதித் தள்ளிடுவே" என்று மகனை உற்சாகப்படுத்துகிறேன். ஐந்தாம் வகுப்பு. இது சரியா?

ப: கேட்க நன்றாக இருக்கும், கடினமான கேள்வி வரும்வரை. முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில் பங்கேற்றவர்களும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே. அறிவுக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்றபின், உழைப்புக்காகப் புகழப்பட்ட பிள்ளைகளைவிடத் தொடர்ந்து முயல்வதில் குறைவான ஆர்வமே காட்டினார்கள். புத்திசாலிக்குத்தானே வரும், வரவில்லையே, அப்படியானால் நான் புத்திசாலி இல்லையோ என்று போகிறது கணக்கு.

பார்த்ததைச் சொல்லுங்கள்: "மூணாவது கணக்குல மாட்டிக்கிட்டப்ப படம் போட்டுப் பார்த்தே, அப்புறம் வந்துடுச்சு." அவன் அலட்டாமல் முடித்ததைப் போய் "எவ்வளவு முயற்சி!" என்று புகழாதீர்கள். பத்து வயதுக்கு அது பொய் என்று தெரியும்.

கே: எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறும் நான்கு பேர் வகுப்பில் இருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் என்ன செய்ய முடியும்?

ப: ஓராண்டின் குறையை இரண்டு வாரத்தில் நிரப்ப முடியாது. நிரப்பப் பார்த்தால் அவர்கள் பள்ளிக்கே வராமல் போகலாம். ஆனால் வினாத்தாளில் திரும்பத் திரும்ப வரும் கட்டளைச் சொற்கள் சுமார் ஒரு டசன்தான்: பொருத்துக, நிரப்புக, கோடிடுக, வட்டமிடுக, ஒப்பிடுக, எத்தனை, ஏன், எது அல்ல. தெரிந்த விடையையும் இவற்றை வாசிக்க முடியாமல் விட்டுவிடுகிறார்கள். தினமும் பத்து நிமிடம், அட்டையில் எழுதி, பார்த்தவுடன் சொல்லும் அளவுக்குப் பழக்குங்கள். "அல்ல" என்ற சொல்லைக் கண்டால் வட்டம் போட வேண்டும் என்பதைத் தனியாகப் பழக்குங்கள். காலை ஐந்து கேள்வியில் மூன்று அவர்கள் மட்டத்தில் இருக்கட்டும், அந்தக் கேள்விகளைத் தனித் தாளில் மற்றவர்கள் பார்க்காதபடி கொடுங்கள்.

கே: தேர்வுக்கு முந்தைய நாள் விட்டுப்போன பாடத்தை எடுத்துவிடலாமா?

ப: வேண்டாம். ஒரு கேள்விக்கு ஆசைப்பட்டு மற்ற பாடங்களிலும் சந்தேகத்தைக் கிளப்பிவிடுவீர்கள்.

கே: தேர்வு தொடங்கியபின் ஒவ்வொரு நாளும் வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டு அழுகிறார்கள். மறுநாள் தேர்வு கெடுகிறது.

ப: பிள்ளைகள் ஒப்பிடுவதைத் தடுக்க முடியாது, பெரியவர்கள் நிறுத்தலாம். வினாத்தாளை வாங்கிவைத்து வீட்டில் மறுபடி எழுதிப் பார்க்கும் வழக்கத்தை எல்லாத் தேர்வும் முடியும்வரை ஒத்திவைக்கும்படி பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "எப்படி எழுதினே?" என்பதற்குப் பதில் "எந்தக் கேள்வி சுவாரஸ்யமா இருந்துச்சு?" என்று கேட்கலாம். சாப்பாடு, ஒரு மணி நேர விளையாட்டு, அதன்பின் அடுத்த பாடத்தில் தெரியாத குவியலில் மிஞ்சிய சீட்டுகள் மட்டும், 20 நிமிடம். குவியல் காலியாகியிருந்தால் அந்த 20 நிமிடமும் வேண்டாம்.