மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய அம்மாவுக்கு ஓவரியை (சினைப்பையை) எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் எத்தனை வருஷம் தாங்கும்?

உங்கள் அம்மாவுக்கு மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். நின்றவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆத்தாவுக்கும் (அம்மாவுக்கும்) முதுகெலும்புக்குப் போன பிறகுதான் செய்தார்கள். "மார்பில் வந்ததற்கு வயிற்றில் எதுக்குக் கத்தி?" என்று காரைக்குடிச் சொந்தம் முழுக்கக் கேட்டது. ஓவரி சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் சில மார்பகப் புற்றுக்குத் தீனி. அதை நிறுத்தத்தான் கத்தி.

இது நேற்று வந்த வைத்தியம் இல்லை. கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற டாக்டர் செய்து பார்த்து 1896லேயே எழுதிவிட்டார். அப்போதெல்லாம் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் கேட்டது. யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டித் தெரியாது. 1950களில் ஹார்மோனைக் குறைக்க அட்ரினல், பிட்யூட்டரி சுரப்பிகளைக்கூட எடுத்தார்கள். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் வந்தபின் அது ஒழிந்தது. இப்போது பயாப்ஸியிலேயே ஈஆர் (ER, கட்டியில் ஈஸ்ட்ரோஜனைப் பிடிக்கும் ஏற்பி) இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். அது பாசிட்டிவாக இருந்தால்தான் ஓவரியை எடுத்துப் பிரயோஜனம்.

ஆத்தாவுக்குப் பாசிட்டிவ். லேப்ராஸ்கோப்பியில் (சின்னத் துளை போட்டு) எடுத்து, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்து திரும்ப அடுப்படிக்கு வந்தார். தம்பிக்குக் கல்யாணமாகி, அவன் மகளுக்குத் திருவாதிரைப் புதுமை (எங்கள் பக்கம் பெண் குழந்தைக்குச் செய்யும் சடங்கு) செய்தது வரைக்கும் இருந்தார். நோய் போகவில்லை, அடங்கிக் கிடந்தது. அப்புறம் மருந்துக்கு மசியாமல் கிளம்பியது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, நான் டாக்டரும் இல்லை. "மாதாமாதம் ஊசி போட்டாலே போதுமே" என்று சிலர் வருவீர்கள். போடலாம், அதுவும் ஓவரியை அடக்கும். மாதம் தவறாமல் மதுரைக்குப் போய்வர எங்களால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பின்னால் வரும் அவஸ்தையை எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. மார்கழிக் குளிரில் நடுராத்திரி வேர்த்துக் கொட்டும். பாயைத் தள்ளிவிட்டு, வெறும் ஆத்தங்குடிக் கல் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பார். எலும்பும் வலுவிழக்கும்.

எங்களுடையது பங்காளிகளின் பொது வீடு. கழிவறை, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லையில். ஆத்தா படுக்கிற அறைப் பக்கம் ஒன்று கட்டுகிறோம், செலவு எங்களுடையது என்றோம். "பழைய வீட்டைக் கெடுக்கக் கூடாது" என்று மறுத்துவிட்டார்கள். அதே ஆட்கள்தான் மாடியிலிருந்த தேக்குச் சாமான்களை விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டவர்கள். எலும்பு ஒடியக் கூடாத மனுஷி இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு அத்தனை தூரம் நடந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சம்மதிக்கும் முன் ரிப்போர்ட்டில் ஈஆர் என்ன என்று பாருங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்க வேண்டுமா, எலும்புக்குத் தனியாக மருந்து உண்டா என்று கேளுங்கள். வீட்டில் கழிவறை தூரமாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அதற்கு ஒரு வழி செய்துவிடுங்கள்.