நீயே எழுதி அனுப்பு

வணக்கம் ஐயா,

நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள். இப்போது அமெரிக்காவில் சனிக்கோளின் உட்பகுதி பற்றி ஆய்வு செய்கிறேன், கலாநிதிப் பட்டம் முடித்து மூன்று வருடம். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கோள் பௌதிகவியலுக்கு உதவிப் பேராசிரியர் ஒருவரை எடுக்கிறார்கள். மூன்று சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவதை கொழும்பில் எனக்குப் படிப்பித்த சேரிடம் கேட்டேன். "நீயே எழுதி அனுப்பு பிள்ளை, கையெழுத்து வைத்துத் தாறேன்" என்கிறார். எழுதலாமா, அல்லது வேறு யாரையாவது கேட்கவா? அப்பா வேறு, சனியைப் படித்து யாருக்கு என்ன பயன், திரும்பி வா என்கிறார். என் ஆங்கில உச்சரிப்பை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தை வாசித்ததும் கோபம் வந்தது, உங்கள் மேல் கொஞ்சம், உங்கள் சேர் மேல் நிறைய.

உச்சரிப்பை விடுங்கள், அது ஒரு விஷயமே இல்லை. அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள். நம் தீவுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு குறைந்த ஓர் இடம் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் பூமியின் ஒழுங்கான வடிவத்தைவிட 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது, உலகத்திலேயே ஆகத் தாழ்வான பள்ளம் அதுதான். வெனிங் மைனெஸ் என்ற ஒல்லாந்துக்காரர் 1948 இல் கண்டார். காரணம் என்ன என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நம் வாசலில் கிடக்கும் பள்ளத்தை விளங்கிக்கொள்வதும் சனியின் வயிற்றை விளங்கிக்கொள்வதும் ஒரே படிப்பு: கண்ணுக்குத் தெரியாத உட்பகுதியை ஈர்ப்பை வைத்து அறிவது.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். போன மாதம் பழைய கடதாசிகளை ஒதுக்கும்போது 1988 இல் நான் தட்டச்சு செய்த சிபாரிசுக் கடிதம் ஒன்றின் கார்பன் பிரதி கையில் அகப்பட்டது. அன்று முதல் அதே நினைவுதான். ஹட்டன் பக்கத்துப் பையன். ஆய்வுகூடத்தில் கேற்றர் ஊசல் என்ற ஆடும் உலோகத் தண்டை வைத்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கணிக்கச் சொல்லியிருந்தேன். கொழும்பில் 9.78 வர வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே எல்லாருக்கும் 9.78 வந்தது. அவனுக்கு மட்டும் வரவில்லை. மூன்று பின்னேரம் தனியாக நின்று, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்தான். கடைசியில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, ஊசல் தொங்கும் கத்தி விளிம்பில் ஒரு சின்ன உடைவு இருப்பதைக் கண்டுபிடித்து, அதைப் பென்சிலால் கொப்பியில் வரைந்து வைத்திருந்தான். அந்த ஊசலை வருடக்கணக்காகப் பாவித்திருந்தோம், நான் உட்பட ஒருவரும் பார்த்ததில்லை.

அவன் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது நான் எழுதியது நாலு வரி. நற்பண்புடையவர், பணிவானவர், வருகை திருப்திகரமானது, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். கத்தி விளிம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வருடம் எந்த இடமும் அவனை எடுக்கவில்லை. என் கடிதம் மட்டுமே காரணமாக இருந்திராது, ஆனாலும் அந்தப் பிரதியை மடித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்களுக்குக் கடிதம் என்றால் கிராம உத்தியோகத்தர் தரும் நற்சான்றிதழ்தான். பொலிஸ் வழக்கில்லை, ஒழுங்கான ஆள், அவ்வளவு. அங்கே தெரிவுக்குழு கேட்பது அதையல்ல. ஒரு இடத்துக்கு நூறு விண்ணப்பம் வருவது சாதாரணம், எல்லாரிடமும் கட்டுரைகள் இருக்கும். முப்பது வருடம் பக்கத்து அறையில் இருக்கப்போகிற ஆளை எடுக்கிறார்கள், ஆய்வு தொடங்கப் பெருந்தொகை கொடுக்கிறார்கள். கணக்குப் பிழைத்த அன்று இவள் என்ன செய்தாள் என்பதைப் பார்த்தவர் வாயால் கேட்க வேண்டும் அவர்களுக்கு. அதை நீங்கள் எப்படி எழுதுவீர்கள்? நீங்கள் எழுதினால் உங்கள் ஆய்வுத் திட்டமே இன்னொரு தரம் வரும், கெட்டிக்காரி என்ற சொல்லோடு. மேலும், இந்தக் கடிதங்களை அவர்கள் பொதுவாக விண்ணப்பிப்பவர் பார்க்காத இரகசியக் கடிதங்களாகவே வாசிப்பார்கள். அப்படியிருக்க நீங்களே எழுதினால் அது பொய், பிள்ளை. வேறு பெயர் இல்லை அதற்கு.

சேரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், வாட்ஸ்அப் செய்தி போதாது. அவரும் நூற்றுக்கணக்கில் விடைத்தாள் திருத்திக் களைத்த மனிதர், மறந்திருப்பார். இறுதி வருட ஆய்வறிக்கையை அனுப்பி, அதில் நீங்கள் எங்கே தடுக்கி விழுந்தீர்கள், அப்புறம் எப்படி எழும்பினீர்கள் என்று ஞாபகப்படுத்துங்கள். எழுதும் வேலை அவருடையது. இப்போது செய்வதையும் சொல்லுங்கள்: சனியின் உள் ஆட்டம் உள்வளையத்தில் எழுப்பும் அலைகளை, சனியைச் சுற்றிய காசினி விண்கலம் பார்த்ததைக் கொண்டு, சனியின் மையம் கெட்டி உருண்டை அல்ல, ஆரத்தில் 60 சதவீதம் வரை கரைந்து பரவிக் கிடக்கிறது என்று உங்கள் துறையில் கண்டிருப்பதை. வளையம்தான் அங்கே ஊசல் என்று சொன்னால் ஒரு பௌதிகவியல் வாத்தியாருக்கு நித்திரை வராது. எழுதுவார்.

அதற்கும் மறுத்தால் அங்கே உங்கள் வேலையை அறிந்த இன்னொருவரைக் கேளுங்கள்.

கடிதத்தை இணையத்தில் அவரே ஏற்ற வேண்டியிருக்கும், அது அவருக்குச் சிரமமாக இருக்கலாம். அப்படியென்றால் எனக்கு எழுதுங்கள். கொழும்புக்குள் எங்கே இருந்தாலும் பஸ்ஸில் போய், பக்கத்தில் இருந்து ஏற்றிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.