மார்பிள் தரை மங்கி, அங்கங்கே வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் பழைய பளபளப்பு வருமா?

வராது. இருக்கிற பளபளப்பும் போய்விடும். பாத்ரூம் ஆசிட் பாட்டிலை முதலில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

நான் தரை பாலிஷ் வேலை எடுத்துச் செய்பவன். மொசைக் தரையில் கைபழகி, பிறகு மார்பிளுக்கு வந்தவன். கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் போனில் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, எவ்வளவு தேய்த்தாலும் அந்த அழுக்கு போகவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் அங்கே அழுக்கே இருக்காது. கல் அரித்திருக்கும்.

மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கோலத்துக்கும் சுவருக்கும் போடுகிற சுண்ணாம்புக்குச் சொந்தக்காரக் கல்தான். புளிப்பு எது பட்டாலும் கரையும். எலுமிச்சை, புளித்தண்ணீர், தயிர், தக்காளி, வினிகர், பாட்டில் குளிர்பானம் எல்லாமே புளிப்புக் கணக்குதான். டாய்லெட் கிளீனர் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அது விழுந்த இடத்தில் கல் நுரைத்துப் பொங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மார்பிளின் மினுமினுப்பு மேலே பூசிய பூச்சு அல்ல, கல்லையே தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தியது. அந்தச் சமம் கெட்டால் வெளிச்சம் சிதறும், இடம் வெளுத்துத் தெரியும். அதை எந்த சோப்பும் எடுக்காது, ஏனென்றால் அங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் வீட்டில் இருப்பது கறையா, அரிப்பா என்று பார்ப்பது. கல்லின் நிறத்தைவிடக் கருத்தோ மஞ்சளித்தோ இருந்தால் கறை, உள்ளே ஏதோ ஊறியிருக்கிறது. வெளுத்து, பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் மங்கலாகத் தெரிந்தால் அரிப்பு. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுப் பூஜை அறை மேடையில் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தேன். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி, சரியாகக் கழுவாமல் ஈரத்தோடு மேடையில் வைத்திருக்கிறார்கள். விளக்கின் அடிப்பாகம் அப்படியே அச்சாக வெள்ளை வட்டமாக விழுந்திருந்தது. பக்கத்திலேயே நல்லெண்ணெய் வழிந்து ஊறிய பழுப்புத் திட்டு. அந்த வீட்டு ஆச்சி, "நானும் எலுமிச்சம்பழத் தோல் வச்சுத் தேச்சுக்கிட்டேதான் இருக்கேன், பெருசாகுதே தவிரப் போகலயேப்பா" என்றார். பெருசாகத்தான் செய்யும் ஆச்சி!

வெள்ளைத் திட்டு சின்னதாக இருந்தால் நீங்களே சரிசெய்யலாம். விரல் நகத்தை அதன்மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தட்டாமல் வெறும் மங்கலாக மட்டும் இருந்தால், கல் சாமான் கடையில் மார்பிள் பாலிஷ் பவுடர் கேளுங்கள். டின் ஆக்ஸைடு உள்ளது நல்லது. திட்டின்மேல் கொஞ்சம் தண்ணீர், அதில் பவுடர், ஈரத்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். அந்தப் பவுடர்க் குழைவு காயக்கூடாது. சில நிமிடம் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள், போதாவிட்டால் மறுபடி. கை வலிக்கும், ஆனால் பலன் தெரியும். நகத்தில் சொரசொரப்பு தட்டினால் பவுடரோடு மல்லுக்கட்டாதீர்கள், அதற்கு மிஷின்தான்.

கறைக்கு வேறு வைத்தியம்: பற்று. உள்ளே ஊறியதை மறுபடி வெளியே இழுக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். தாஜ்மஹாலில் படிந்த மஞ்சளை எடுக்கத் தொல்லியல் துறை செய்வதும் இதுதான். 1994லிருந்து பலமுறை, முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசி, காய்ந்த பிறகு கழுவி எடுத்திருக்கிறார்கள். தாஜ்மஹால் கட்டிய ராஜஸ்தான் மக்ரானா மார்பிளுக்கே அது போதும் என்றால் நம் வீட்டு மேடைக்கு என்ன?

எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரும் இரண்டு சொட்டு பாத்திர லிக்விடும் விட்டுச் சட்னிப் பதத்துக்குக் குழையுங்கள். மஞ்சள், டீ, காபி என்றால் தண்ணீருக்குப் பதில் மெடிக்கலில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அடர்நிறக் கல்லில் மட்டும் அதைத் தொடாதீர்கள், வெளுக்கும். கறையைத் தாண்டி ஓரம் வரும்படி அரை விரல் கனத்துக்குப் பூசி, பிளாஸ்டிக் கவரால் மூடி ஓரத்தை டேப் ஒட்டுங்கள். ஒருநாள் கழித்துக் கவரை எடுத்துவிட்டுத் தானாகக் காய விடுங்கள். இப்படிக் காயும்போதுதான் கறை மேலே ஏறும், அவசரப்பட்டுச் சுரண்டினால் வீண். பழைய கறைக்கு இரண்டு மூன்று பற்றுகூடத் தேவைப்படும். கேஸ் சிலிண்டர் அடியில் விழும் துரு வளையத்துக்கு மட்டும் நான் உத்தரவாதம் தருவதில்லை. கடையில் விற்கும் துரு நீக்கி பெரும்பாலும் ஆசிட் கலந்தது. துரு போனாலும் கல் அரிக்கும், பிறகு பாலிஷ் போட்டே ஆகவேண்டும். சிலிண்டருக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கிவிடுவது மலிவு.

ஹால் முழுக்க மங்கி, நடக்கிற வழி மட்டும் தடம் விழுந்த மாதிரி தெரிகிறதா? அது மண் செய்த வேலை. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் மார்பிள் 3. மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. செருப்போடு வரும் ஒவ்வொரு மணலும் கீறும். அதற்குத் தண்ணீர் விட்டு, மிஷினில் டயமண்ட் பேடு (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு) போட்டு ஓட்ட வேண்டும். பேடின் நம்பர் கூடக்கூட அது நைசு. கல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்து 200லோ 400லோ ஆரம்பித்து 800, 1500, 3000 என்று ஏற்றிக்கொண்டே போவோம். ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பர் போட்ட கீறலை அழிப்பதற்கு. இடையில் ஒன்றைத் தாண்டினால் அன்றைக்குப் பளபளக்கும், சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது சுழி சுழியாகக் கீறல் தெரியும். சதுர அடிக்கு ரேட் ரொம்பக் குறைத்துச் சொல்கிறவரிடம் எத்தனை நம்பர் ஓட்டுவீர்கள் என்று கேளுங்கள். அதோடு, கட்டிலோ பீரோவோ மறைக்கிற ஒரு கல்லில் கடைசிவரை செய்து காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசிக் கட்டத்தில் பாலிஷ்காரர் ஒரு வெள்ளைப் பவுடரைப் போட்டு ஃபெல்ட் பேடில் (கம்பளி மாதிரி மெத்தென்ற வட்டு) ஓட்டுவார். அதில் ஆக்சாலிக் ஆசிட் இருக்கலாம். 'ஆசிட் வேண்டாம் என்றாயே' என்று கேட்பீர்கள். இது கால்சியத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத மெல்லிய படலத்தை உண்டாக்கும், அதனால் தெரிந்தவர் கையில் அளவாகப் போட்டால் பளபளப்பு கூடும். ஆனால் அது விஷம். வீட்டில் நீங்களாக வாங்கிக் கலக்க வேண்டாம், பாலிஷ் முடிந்ததும் தரையை நன்றாக அலசிவிட்ட பிறகே குழந்தைகளைத் தவழ விடுங்கள்.

சீலர் அடித்தால் இனிப் பயமில்லை என்று விற்பார்கள். கல்லுக்குள் ஊறும் சீலர் எண்ணெயும் டீயும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அது உண்மை. எலுமிச்சை அரிப்பதை அது தடுக்காது. சமையல் மேடைக்குப் பளபளப்பு மார்பிள் போடப் போகிறேன் என்று யாராவது கேட்டால் நான் கிரானைட்டுக்குத்தான் கைகாட்டுவேன்.

அன்றாடத்துக்கு: வாசலில் நல்ல மிதியடி, மண்ணைக் கூட்டிவிட்டுப் பிறகு துடைப்பது, வாளித் தண்ணீரில் சில சொட்டு மைல்டு சோப்பு, கடைசியாக வெறும் தண்ணீர், அதன்பின் உலர்ந்த துணி. போர் தண்ணீர் உப்பு என்றால் அந்த உலர்ந்த துணியை விடவே கூடாது. வெள்ளிக்கிழமை கல்லுப்பும் மஞ்சளும் கலந்து துடைக்கும் வழக்கம் இருந்தால் உப்பு முழுதும் கரைந்த பிறகு துடையுங்கள், மஞ்சளை வாசல்படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிஷின் வேலைக்கு ஆள் விட்டால் இன்னொன்று. தேய்க்கும்போது பால் மாதிரி சேறு வரும். சிலர் அதை அப்படியே பாத்ரூம் தண்ணீர்க்குழிக்குள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். பைப்பில் படிந்து இறுகினால் பிளம்பர் செலவு தனி. வாளியில் அள்ளி வெளியே எடுத்துப் போகவேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.